பாக்கெட் இயந்திரம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

காகிதத்தில் பொட்டலம் மடித்துச் சணல் சுற்றிக் கொடுத்த மளிகை வியாபாரம் பெரும்பாலும் பாக்கெட் வியாபாரமாகிவிட்டது. பருப்பு, சீரகம், மிளகாய்த் தூள் என்று சொந்தப் பெயர் அச்சிட்டு விற்கும் நம் வணிகர்கள் பலர் பேக்கிங் இயந்திரம் வாங்குகிறார்கள். வாங்குவது நல்லதே. ஆனால் விலை என்ன, தவணை உண்டா, நிமிடத்துக்கு எத்தனை பாக்கெட் என்ற மூன்றை மட்டும் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. எடை தவறினால் அது இந்த இயந்திரத்துக்குத் தெரியுமா?

கடையில் சர்க்கரை நிறுக்கும் பையனைக் கவனியுங்கள். முதலில் கை நிறைய அள்ளிப் போடுகிறான். எடை நெருங்கும்போது கையைக் குறுக்கி, விரலால் தட்டித் தட்டி உதிர்க்கிறான். கண் பார்க்கிறது, கை திருத்துகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். மோட்டார், உணர்கருவி, கணினி மூன்றையும் ஓர் உடலாகச் சேர்த்து இயந்திரத்துக்கும் இந்தப் பழக்கத்தைக் கொடுக்கும் துறையே மெக்கட்ரானிக்ஸ். ஜப்பானின் யாஸ்காவா கம்பெனிப் பொறியாளர் டெட்சுரோ மோரி 1969-ல் வைத்த பெயர் அது.

எல்லாப் பேக்கிங் இயந்திரத்துக்கும் அந்தக் கண் இருக்கிறதா என்றால், இல்லை. விலை குறைந்த இயந்திரங்களில் இருப்பது கப். உழக்கில் அளப்பது போல அளந்து கொட்டும். கடுகு ஒரே சீராக இருக்கும்வரை பிழைத்துக்கொள்ளலாம். தூளில்தான் வினை. அரைப்பு நைசானால், ஈரம் ஏறினால், அதே கப்பில் எடை மாறிவிடும். அடுத்த ரகம் திருகு வைத்தது. இங்கேதான் விற்பனைப் பிரதிநிதி 'சர்வோ மோட்டார் சார், துல்லியம்' என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. திருகு எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை அந்த மோட்டார் மிகத் துல்லியமாகக் காக்கும். ஆனால் நாம் விற்பது சுற்றை அல்லவே! தூளின் அடர்த்தி மாறினால், சுற்று சரியாக இருந்தும் எடை தவறும். பாக்கெட்டை நிறுத்துப் பார்த்து, அந்தக் கணக்கைத் திருகுக்குத் திருப்பி அனுப்பும் தராசு பின்னால் இருந்தால்தான் வளையம் முழுமையாகும்.

நிறுத்தே கொட்டும் இயந்திரத்தில் லோடு செல் இருக்கும். பாரம் ஏறும்போது அதன் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைக் கருவி எடையாகப் படிக்கிறது. மின்விசிறிக் காற்றும், பக்கத்தில் ஓடும் மாவு மெஷினின் அதிர்வும் அதற்கும் எடைதான். ஆகவே இயந்திரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். இன்னொரு நுணுக்கம்: வாய் மூடிய பிறகும் நடுவழியில் இருக்கும் பருப்பு விழுந்துகொண்டிருக்கும். அதனால் 500 கிராம் வருமுன்னே வாயை மூடியாக வேண்டும். எவ்வளவு முன்னே என்பதை முந்தைய பாக்கெட்டுகளின் எடையைப் பார்த்து நல்ல இயந்திரம் தானே திருத்திக்கொள்ளும். இந்தத் திருத்தமும் அளவோடு இருக்க வேண்டும். ஒரு பாக்கெட் 4 கிராம் கூடியது என்று அடுத்ததில் 4 கிராமையும் குறைத்தால், எடை ஏறி இறங்கி ஊசலாடும். பல பாக்கெட்டுகளின் போக்கைப் பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்துவதே முறை. ஆபரேட்டர் பையன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பட்டனை அழுத்தித் திருத்துகிறான் என்றால், தடுத்து நிறுத்துங்கள்.

பல தலை எடை இயந்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானின் இஷிடா தராசுக் கம்பெனி 1972-ல் குடைமிளகாய் நிறுக்க முதன்முதலில் செய்தது. காய்க்குக் காய் எடை மாறும் சரக்கைக் குறித்த எடையில் பையிலிட வழி இல்லாதிருந்தது. 10 தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்து வைத்து, எந்தெந்தத் தட்டைச் சேர்த்தால் எடை சரியாக வரும் என்று 1,023 சேர்க்கைகளில் தேடிப் பிடிக்கிறது. முந்திரி, பேரீச்சை போடுகிறவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு அவ்வளவு முதல் தேவையில்லை என்பது நம் கருத்து.

இதெல்லாம் பொறியாளர் விவகாரம் என்று ஒதுங்க முடியாது. 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி 100 கிராம் பாக்கெட்டில் 4.5 கிராம், 500 கிராமில் 15 கிராம், ஒரு கிலோவிலும் 15 கிராம் வரைதான் குறைபாட்டுக்கு இடம். அதிலும் சோதனைக்கு எடுத்த பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக்கூடாது. பாக்கெட்டில் இருப்பது நம் பெயர். வழக்கும் நம் மேல்தான் வரும், இயந்திரம் விற்றவர் மேல் வராது. பயந்துகொண்டு கூட்டிப் போட்டாலோ, அரைக்கிலோவுக்கு 5 கிராம் வீதம் 1,000 பாக்கெட்டில் 5 கிலோ சரக்கு கணக்கில்லாமல் போகிறது. துவரம்பருப்பு விற்கும் விலையில் யாரால் தாங்க முடியும்?

இதைவிட நம்மை உறுத்துவது பாஸ்வேர்டு சமாச்சாரம். எடை அமைப்புகள் இருக்கும் பி.எல்.சி. திரையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். சரக்கு மாறும்போதெல்லாம் ஆள் வர வேண்டும், வந்தால் கட்டணம். பண்டிகை நேரத்தில் ஆளும் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய தராசின் முள்ளை நாமே தொடக்கூடாது என்றால் எப்படி?

பில் போடுமுன் எழுதி வாங்குங்கள். எடைத் திருத்தம் தானாக நடக்கிறதா, பாஸ்வேர்டு நம்மிடம் தரப்படுமா, இயக்கும் முறை தமிழில் எழுதித் தரப்படுமா, நம் சரக்கையே போட்டுத் தொடர்ந்து 50 பாக்கெட் நிறுத்துக் காட்டுவார்களா? கடைசி நிபந்தனைக்குத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். தனி ஒருவர் கேட்டால் 'கம்பெனி ரூல் இல்லை' என்பார்கள். ஆகவே சங்கம் பொதுவான ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயாரித்து, எல்லா உறுப்பினர்களும் அதையே நீட்டும்படி செய்ய வேண்டும். பாலிடெக்னிக்குகளில் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பிள்ளைகளில் ஒருவரைச் சங்கச் செலவில் அமர்த்தி, மாதம் ஒருமுறை உறுப்பினர் கடைகளின் இயந்திரங்களைப் பார்க்கச் செய்யலாம். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.