மருந்து அடிப்பவரின் ரத்தத்தை யார் சோதிப்பது?

கத்தரிக்காயில் விஷம், திராட்சையில் விஷம், கறிவேப்பிலையிலும் விஷம் என்று ஊடகங்கள் அலறுகின்றன. காய்கறியை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று வீடியோக்கள் வந்தபடி இருக்கின்றன. இயற்கை அங்காடிகளும் பெருகிவிட்டன. நஞ்சில்லா உணவு வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த விவாதம் தட்டில் தொடங்கித் தட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு கிலோ காயில் இத்தனை மில்லிகிராம் எச்சம்தான் இருக்கலாம் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறவரின் உடம்புக்குள் எவ்வளவு போனது என்று யார் அளக்கிறார்கள்?

அவர் யார் என்று பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நம் கையில் இருந்த சாகுபடி நிலமோ 9 சதவீதம்கூட இல்லை. நிலமில்லாதவர் கூலிக்குப் போகிறார். அந்தக் கூலியிலும், நிலத்துக்காரர் தான் செய்யத் தயங்கும் வேலை நம்மிடம் தள்ளப்படுகிறது. மலக்குழிக்குள் யாரை இறக்கினார்களோ அதே கணக்குதான் வயலிலும். (சொந்த நிலத்தில் தாமே அடித்து உயிரைவிடும் சிறு விவசாயிகளும் உண்டு, மறுக்கவில்லை.)

குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பரஸ் வகை. நரம்பின் வேலையைக் கட்டுக்குள் வைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை இவை முடக்குகின்றன. புழு சாவது அப்படித்தான். மனிதருக்கு எச்சில் வடிவதும், கண்மணி சுருங்குவதும், மூச்சுத் திணறுவதும் அப்படித்தான். இந்த விஷம் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். நனைந்த சட்டையோடு வேலை செய்பவர் மூக்கில் மட்டும் துண்டைக் கட்டி என்ன பயன்? சாயங்காலம் தலைவலி, குமட்டல் என்றால் வெயில் என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். அடித்த ஈரம் காயும் முன்பே அதே செடியில் வெறுங்கையால் காய் பறிக்கும் பெண்களை, அவர்களில் கர்ப்பிணிகளை, மருந்தோடு வேலை செய்பவர்கள் என்றே யாரும் எண்ணுவதில்லை.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதுகாப்பு உடை போடவில்லை என்று அவர்கள் மேலேயே பழி போட்டார்கள். உடையை யார் வாங்கித் தந்தார்கள் என்பதல்லவா முதல் கேள்வி?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971இல் விதிகள் வந்தன. விதி 39 பாதுகாப்பு உடையைக் கட்டாயமாக்குகிறது. விதி 37 மருந்து தெளிப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை என்றால் மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். விதி வந்து 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. உங்கள் சேரியில் மருந்து அடிக்கப் போகும் ஒரு அண்ணனையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இருப்பதாவது தெரியுமா என்று.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்ட வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய்தான் செலவு. விதி 37இன்படி கடந்த ஆண்டு எத்தனை விவசாயக் கூலிகளுக்குப் பரிசோதனை நடந்தது? எத்தனை பேருக்குப் பாதுகாப்பு உடை கிடைத்தது? அரசு மருத்துவமனைக்குப் பூச்சிக்கொல்லி பாதிப்போடு வந்தவர்களில் வேலை செய்யும்போது பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பூச்சி மருந்து என்றாலே தற்கொலை முயற்சி என்று நினைப்பதுதான் வழக்கம்; வயலில் மயங்கி விழுந்தவர் அதற்குள் காணாமல் போய்விடுவார். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும் ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள்.