எதற்காக இந்தக் குளிசை?

இருதய நோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவரிடம், தினமும் எத்தனை குளிசைகள் பாவிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் நான்கு, இரவில் இரண்டு என்று தயக்கமின்றி விடை வரும். ஒவ்வொன்றும் எதற்காகத் தரப்பட்டது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "சின்னது பிறஷருக்கு, இரவில் போடுவது கொலஸ்டரோலுக்கு, மற்றவை ஏதோ இருதயத்துக்காம்" என்ற அளவில் பதில் நின்றுவிடும். பட்டதாரிகளும் ஓய்வுபெற்ற அதிபர்களும் இதற்கு விலக்கல்லர். காணி உறுதியை வரிக்கு வரி வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடும் நம்மவர், ஆயுள் முழுவதும் விழுங்கப்போகும் மருந்தின் காரணத்தைக் கேட்காமலே விழுங்குகின்றனர்.

இதனால் என்ன குறைந்துவிட்டது, மருந்து தன் வேலையைச் செய்யத்தானே போகின்றது என்று சிலர் எண்ணலாம். மருந்தை ஒழுங்காக எடுக்கும் வரை அது சரி. ஆனால் காரணம் தெரியாத மருந்தைத்தான் மனிதன் முதலில் கைவிடுகின்றான். தலையிடிக்குக் குளிசை போட்டால் அரை மணி நேரத்தில் பலன் தெரிகின்றது. இருதய நோய்க்கான பெரும்பாலான குளிசைகள் அவ்வாறு எந்தச் சுகத்தையும் உணர்த்துவதில்லை. நாளையோ, பத்து ஆண்டுகள் கழித்தோ நேரக்கூடிய ஓர் ஆபத்தை அவை சத்தமின்றித் தடுக்கின்றன. நடக்காமற்போன மாரடைப்பை எவரும் கண்ணால் காண்பதில்லை. ஆகவே, "எனக்கு இப்போது ஒன்றுமில்லை, இனி எதற்கு?" என்ற எண்ணம் வருவது இயல்பே.

இந்தக் கேள்வி தெற்காசியரான நமக்கு மிகவும் நெருக்கமானது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற பெரும் ஆய்வின் தரவுகள், தெற்காசியருக்கு முதலாவது மாரடைப்பு ஏனையோரை விட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முந்தி வருகின்றது என்று காட்டின. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டுமன்றி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஐம்பது வயதைக் கடந்த தமிழர் வீடுகளில் மருந்துப் பெட்டி ஒன்று இடம் பிடித்திருப்பது தற்செயலானதன்று.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதலில் கைக்கு அகப்படுவது அஸ்பிரின். காய்ச்சலுக்கும் நோவுக்கும் 1899 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, இன்று 75 அல்லது 100 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் முற்றிலும் வேறொரு வேலையைச் செய்கின்றது. இருதய நாடியினுள் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது, குருதியிலுள்ள சிறுதட்டுகள் காயத்தை மூட விரைந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கைவிரல் வெட்டுப்பட்டால் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாடு, மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள நாடிக்குள் நடந்தால் மாரடைப்பு ஆகின்றது. அஸ்பிரின் அந்த ஒட்டும் தன்மையைக் குறைக்கின்றது. 1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்புக்குள்ளானவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் சேர்க்கப்பட்டனர். ஐந்து வாரங்களில் அஸ்பிரின் பெற்றவர்களுள் 804 பேரும், வெற்றுக் குளிசை பெற்றவர்களுள் 1,016 பேரும் இருதய, நாடி நோய்களால் இறந்தனர். சில ரூபாய் விலையுள்ள ஒரு குளிசை செய்த வித்தியாசம் அது.

ஆனால் இதே அஸ்பிரினை, எந்த இருதய நோயும் இல்லாத முதியவர் "முற்காப்புக்கு" என்று தாமாகவே வாங்கிப் போடுவது வேறு விடயம். 2018 இல் வெளியான மூன்று பெரும் ஆய்வுகளின் பின்னர், அத்தகையோருக்குக் குருதிப்பெருக்கு ஆபத்து கிடைக்கும் நன்மையை ஈடுசெய்துவிடலாம் அல்லது மிஞ்சிவிடலாம் என்பது தெளிவாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் போடுகிறார் என்பதற்காக நாமும் போடக்கூடிய மருந்து இதுவன்று.

அஸ்பிரினுடன் சிலருக்குக் குளோபிடோகிறல் என்ற இன்னொன்றும் தரப்படும். "இரண்டும் ஒரே வேலைதானே, ஒன்று போதும்" என்று எண்ணுவது ஆபத்தானது. அடைபட்ட நாடியை விரித்து உள்ளே வைக்கப்படும் ஸ்டென்ற் என்ற வலைக்குழாய், உடலைப் பொறுத்தவரை ஓர் அந்நியப் பொருள். நாடியின் உட்சுவர் அதன்மேல் வளர்ந்து மூடும் வரை அதில் குருதி உறையும் அபாயம் உண்டு. அதனாலேயே மாதக்கணக்கில், பலருக்கு ஒரு வருடம் வரை, இரண்டு மருந்துகளும் சேர்த்துத் தரப்படுகின்றன. பல் பிடுங்குவதற்காகவோ கைச்செலவைக் குறைப்பதற்காகவோ இடையில் தாமாக நிறுத்துபவர், தமக்குச் செய்த சிகிச்சையையே கவிழ்த்துவிடக்கூடும்.

அடுத்தது, அதிகம் வதந்திக்குள்ளான ஸ்டற்றின் வகை. சிம்வஸ்டற்றின், அட்டோவஸ்டற்றின், றொசுவஸ்டற்றின் என்பன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் முன்னோடியைக் கண்டறிந்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1970களில் ஒரு பச்சை நீலப் பூஞ்சணத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருளே எல்லாவற்றுக்கும் தொடக்கம். 2024 இல் தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார். நமது உடலிலுள்ள கொலஸ்டரோலின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடல் தானே, முக்கியமாக ஈரலில், உற்பத்தி செய்வது. அந்த உற்பத்தியின் முக்கியமான ஒரு படியை ஸ்டற்றின் தடுக்கின்றது. முன்னரே இருதய நோய் கண்ட 4,444 ஸ்கண்டினேவிய நோயாளருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களுள் 256 பேர் இறக்க, சிம்வஸ்டற்றின் எடுத்தவர்களுள் 182 பேரே இறந்தனர்.

இங்கேதான் நம்மவர்கள் பெரிதும் இடறுகின்றனர். மூன்று மாதம் குளிசை எடுத்து, இரத்தப் பரிசோதனையில் கொலஸ்டரோல் குறைந்துவிட்டது என்று கண்டதும், "சுகமாகிவிட்டது" என நிறுத்திவிடுகின்றனர். குளிசையே அதைக் குறைத்து வைத்திருக்கின்றது. குடையை மடக்கினால் மழை மீண்டும் தலையில்தான் விழும். அதுமட்டுமன்றி, கொலஸ்டரோல் ஏற்கெனவே குறைவாக இருந்தவருக்கும் நோய் காரணமாக இம்மருந்து தரப்படுகின்றது. 20,536 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வு, ஆரம்ப அளவு எதுவாயினும் ஆபத்து அதிகமுள்ளவருக்குப் பயன் உண்டு என்று காட்டியது. அதாவது, இங்கே சிகிச்சை பெறுவது அறிக்கையிலுள்ள ஓர் எண் அன்று, நாடியின் சுவர்.

தசைநோவு வரும் என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது முற்றிலும் பொய்யன்று. தாங்கமுடியாத தசைவலியோ சிறுநீர் கடும் நிறத்தில் போவதோ இருந்தால் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். ஆனால் அவ்வாறு நேர்வது மிக அரிது. பக்கவிளைவு என்று கூறி ஸ்டற்றினை விட்டுவிட்ட 60 பேரைக் கொண்டு லண்டனில் நடந்து 2020 இல் வெளியான ஆய்வு சுவையானது. எது எதுவென்று அறியாமல் சில மாதங்கள் உண்மைக் குளிசையும் சில மாதங்கள் வெற்றுக் குளிசையும் எடுத்த அவர்கள், உண்மைக் குளிசையில் உணர்ந்த உபாதையின் 90 வீதத்தை வெற்றுக் குளிசையிலும் உணர்ந்தனர். உபாதை உண்மை. அதைத் தந்ததில் பெரும்பங்கு மனத்திலிருந்த அச்சத்தினுடையது.

இரத்த அழுத்தத்துக்கெனத் தரப்படும் எனலாபிறில் வகையின் கதை இன்னும் வியப்பானது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த இவ்வகையின் முதலாவது குளிசையான கப்டோபிறில் 1981 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நாடிகளைத் தளர்த்தி இருதயத்தின் சுமையைக் குறைப்பதோடு, பலவீனமடைந்த இருதயம் மேலும் வீங்கிப் பெருக்காமலும், சலரோகக்காரரின் சிறுநீரகம் கெடாமலும் இது காக்கின்றது. அதனாலேயே, "எனக்குப் பிறஷரே இல்லை, பிறஷர்க் குளிசை எதற்கு?" என்ற கேள்விக்கு நியாயமான விடை உண்டு. இது சிலருக்கு வரட்டு இருமலைத் தரும். காரணம் அறியாதவர் மல்லித் தண்ணீரும் பாணி மருந்துமாக மாதக்கணக்கில் அலைவார். அறிந்தவர் வைத்தியரிடம் சொல்ல, அவர் லொசார்ட்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றிக்கொடுப்பார். அம்லோடிப்பின் எடுப்பவரின் கணுக்கால் வீக்கமும் இத்தகையதே. அதைக் கண்டு சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கலங்குவோர் பலர்.

பிசோபுறோலோல், காவெடிலோல் முதலியன பீற்றா தடுப்பிகள். இருதயத்துக்கு மேலும் குருதியைக் கொடுப்பதற்குப் பதிலாக, அதன் தேவையையே குறைத்தால் என்ன என்று சிந்தித்தவர் ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக். அந்தச் சிந்தனைக்காக அவருக்கு 1988 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இருதயம் பலவீனமடைந்தவருக்கு இது உயிர்காக்கும் மருந்து. ஆனால், மாரடைப்பின் பின்னரும் இருதயத்தின் பலம் குன்றாதவருக்கு இது அவசியமா என்ற ஐயத்தை 2024 இல் வெளியான சுவீடனை மையமாகக் கொண்ட ஆய்வு எழுப்பியது. அதன்பின் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆதலால், பல ஆண்டுகளாக இதை எடுப்பவர் தமது வைத்தியரிடம் "இது இன்னும் எனக்குத் தேவையா?" என்று கேட்பது முற்றிலும் தகும். தாமாகச் சட்டென நிறுத்துவதோ தகாது. இருதயம் திடீரெனத் துடித்தெழுந்து நெஞ்சுவலியைக் கொண்டுவரும்.

நாக்கின் கீழ் வைக்கும் குளிசை மட்டும் உடனடிப் பலன் தருவது. வெடிமருந்தான நைத்திரோகிளிசரினே அது. அதைக்கொண்டு டைனமைற்றைச் செய்து செல்வம் குவித்த அல்பிரட் நோபலுக்கே, கடைசிக் காலத்தில் நெஞ்சு நோவுக்காக அதே பொருளை வைத்தியர்கள் விதித்தனர். இருந்தபடியே இதை எடுக்கவேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் மயங்கி விழலாம். வலி தணியாவிட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனபில் வகை மருந்து எடுப்பவர் கூச்சத்தை விட்டு அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு நோயாளி அறிந்திருக்கவேண்டுமா? வைத்தியருக்குத் தெரிந்தால் போதாதா? 2022 இல் இலங்கை இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்தது. வெளிக் கடைகளில் விலை ஏறியது. ஆறு குளிசையில் மூன்றை மட்டுமே வாங்கக் கையில் பணம் இருந்தவர், எதை வாங்குவது, எதை விடுவது என்று எதைக்கொண்டு தீர்மானிப்பார்? வயிற்றெரிவுக்கான குளிசையின் பலன் உடனே தெரிவதால் அதை வாங்கி, ஸ்டென்ற் வைத்தவர் குளோபிடோகிறலை விட்டுவிட நேர்ந்தால், அதைத் தடுக்கக்கூடியது அவரிடமுள்ள அறிவு ஒன்றே.

பெயர்க் குழப்பமும் உண்டு. அரச கிளினிக்கில் தரப்படும் மருந்தும், தனியார் வைத்தியசாலையில் நிபுணரைச் 'சனல்' பண்ணிப் பெறும் மருந்தும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மருந்தும் வெவ்வேறு வர்த்தகப் பெயர்களில் ஒரே பொருளாக இருக்கலாம். மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே, டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் அறிக்கை தந்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக வழிசெய்த அந்தச் சிந்தனையை உலகமே பின்னர் மெச்சியது. அவர் பிறந்த நாட்டிலேயே, ஒரே மருந்தை இரு பெயர்களில் இருமுறை விழுங்கும் நிலை நீடிப்பது வேதனைக்குரியது.

வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பது மெய். காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கானோரை ஒருவர் பார்க்கவேண்டியுள்ள கிளினிக்கில், விரிவுரை எவராலும் ஆற்றமுடியாது. விளக்கினால் நோயாளி பயந்துவிடுவார் என்று கருதும் வைத்தியர்களும் உண்டு. அப்பயத்தை அயலவரின் வாயும் கைத்தொலைபேசியில் வரும் அநாமதேயச் செய்திகளும் ஏற்கெனவே ஊட்டிவிட்டன என்பதை அவர்கள் கவனிக்கவேண்டும். வைத்தியர் விட்ட வெற்றிடத்தை வதந்தி நிரப்பிக்கொள்கின்றது.

கேட்பது பெரிதொன்றுமில்லை. குளிசை சுற்றித் தரும் கடதாசி உறையில் "காலை 1, இரவு 1" என்று எழுதும் இடத்தில், நோயாளியின் மொழியில் இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும்: "குருதி உறையாமலிருக்க", "நாடி அடைபடாமலிருக்க", "இருதயச் சுமை குறைய". மருந்தாளரோ தாதியரோ எழுதலாம், அச்சிட்டும் ஒட்டலாம். தமிழ் பேசும் நோயாளிக்கு அது தமிழில் இருக்கவேண்டும் என்பது சலுகையன்று, உரிமை.

அந்த நாள் வரும்வரை நாமே கேட்போம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, இது எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, தவறினால் என்ன செய்வது என்று கேட்டு, விடையைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் மொழிபெயர்ப்புக்குப் பேரப்பிள்ளையை அழைத்துச் செல்பவர்கள், அந்தப் பிள்ளையைக்கொண்டே இதைக் கேட்பிக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் விடைகள்தான் இவை.