தோற்ற மேட்சையும் எழுதி வைக்க வேண்டும்

சென்னை ஐகோர்ட் வளாகத்துக்குள் ஒரு பழைய கல்லறை மண்டபம் நிற்கிறது. வழக்கு விஷயமாகப் போய் வந்த நம் பூந்தமல்லி அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். அதில் டேவிட் யேல் என்ற சிறு குழந்தை அடக்கமாகியிருக்கிறது. அந்தக் குழந்தையின் தகப்பனார் எலிஹு யேல். 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்', அதாவது குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் அளவுக்கு மீறிச் சம்பாதித்தார் என்ற புகாரில் பதவி போயிற்று. ஆனால் பணம் போகவில்லை.

சீமைக்குத் திரும்பிய அவர், 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று ஆகியவற்றை அனுப்பினார். சரக்கை விற்றதில் 560 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பற்றி.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடிய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிராளியை மோதித் தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. 15 பேர் ஆடிய ஆட்டத்தை 11 ஆக்கியதும், முயற்சிகளுக்குக் கணக்கு வைத்ததும் யேலில் படித்து, அந்த அணிக்கே ஆடிய வால்டர் கேம்ப் என்பவர். அந்த ஆட்டத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

யேல் அணியின் முதல் மேட்ச் 1872 நவம்பர் 16-ஆம் தேதி. எலிஹு யேல் சென்னையில் இறங்கி 200 வருஷம் ஆகியிருந்தது. கொலம்பியா அணியை 3-0 என்று ஜெயித்தார்கள். 1875-ல் ஹார்வர்டுடன் முதல் மேட்ச், அதில் தோல்வி. 1888-ல் ஆடிய 13 ஆட்டங்களிலும் வெற்றி. எடுத்த புள்ளிகள் 698, விட்டுக்கொடுத்தது ஒன்றுகூட இல்லை. 1914-ல் கிண்ணம் போன்ற வடிவத்தில் பிரமாண்டமான மைதானம் கட்டி, 'யேல் பௌல்' என்று பெயர் வைத்தார்கள். இன்று டிவியில் 'சூப்பர் பௌல்' என்கிறார்களே, அந்த 'பௌல்' என்ற சொல்லே இந்தக் கிண்ணத்திலிருந்து வந்ததுதான். அந்தக் கிரகப்பிரவேச மேட்சில் சொந்த மைதானத்திலேயே ஹார்வர்டிடம் 36-0 என்று உதை வாங்கினார்கள். அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

1968-ல் இரண்டு அணிகளும் அந்த வருஷம் ஒரு மேட்சிலும் தோற்காமல் மோதின. யேல் 29-13 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி 42 விநாடிகளில் ஹார்வர்டு 16 புள்ளிகள் எடுத்து 29-29 என்று சமன் செய்தது. ஹார்வர்டு மாணவர் பத்திரிகையில் வந்த தலைப்பு: 'ஹார்வர்டு யேலைத் தோற்கடித்தது, 29-29'. அன்று ஹார்வர்டு அணியில் ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் ஹாலிவுட் நடிகரான டாமி லீ ஜோன்ஸ்.

இதையெல்லாம் பூந்தமல்லியில் உட்கார்ந்துகொண்டு என்னால் எழுத முடிகிறது என்றால், அவர்கள் ஒவ்வொரு மேட்சையும் தேதி, ஊர், எதிரணி, புள்ளி என்று வரிசையாகப் பதிந்து வைத்திருப்பதால்தான். நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. யேல் அணி முதல் மேட்ச் ஆடுவதற்கு 15 வருஷம் முந்தியது. நம் கல்லூரிகளில் ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஆடியிருக்கிறார்கள். வெங்கட்ராகவன் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரோடு கல்லூரி அணியில் ஆடிய மற்ற பத்துப் பேர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?

"அது பணக்காரப் பல்கலைக்கழகம், செய்வார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். 1872-ல் ஸ்கோர் எழுத என்ன செலவாகியிருக்கும்? ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் குறைகள் ஏராளம். ஆனால் அவர்களுடைய எத்தா-சிவில் பதிவேட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் வரி தவறாமல் ஏறியது. இன்றும் பேரன் பேத்திகள் அந்த வரியைக் காட்டித்தான் தங்கள் உரிமையைக் கேட்கிறார்கள்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உத்தியோகத்தில் இருந்தபோது பார்த்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த ஒருவர், பல்கலைக்கழக அணியில் ஹாக்கி ஆடியவர். சான்றிதழைச் சரிபார்க்க அவருடைய கல்லூரிக்குக் கடிதம் போனது. நினைவூட்டல் போனது. இரண்டாம் நினைவூட்டலும் போனது. கடைசியில் 'பதிவேடு கிடைக்கவில்லை' என்று ஒரு வரி பதில் வந்தது. அவர் கொண்டுவந்த குரூப் போட்டோவில் நின்றுகொண்டிருந்தார். கீழே யார் பெயரும் இல்லை. 'ஆதாரம் போதாது' என்று கோப்பு முடிந்தது. பொய் சொன்னவர் இல்லை அவர். எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

யேல் பல்கலைக்கழகத்தை நான் கோயிலாக்கவில்லை. அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காக அது 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பழைய தாள்கள் இருந்ததால்தான் அந்தக் குற்றமும் வெளியே வந்தது. பதிவேடு பெருமையை மட்டும் அல்ல, சிறுமையையும் காட்டும். அதனால்தான் அது வேண்டும். ஒன்பது பொதிச் சரக்குக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து கம்பெனிக் கப்பலேறிய துணிகளை நெய்த கைகளின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. எழுதப்படாதவர் பக்கம் எது என்று நமக்கு அனுபவத்திலேயே தெரியும்.

ஒவ்வொரு கல்லூரியும் நூலகத்தில் ஒரு தடித்த பதிவேடு திறக்கட்டும். இந்த வருஷத்து மேட்சிலிருந்து ஆரம்பித்தால் போதும்: தேதி, இடம், எதிரணி, முடிவு, ஆடியவர் பெயர். தோற்றதையும் எழுத வேண்டும். பழையதை இந்து, சுதேசமித்திரன், தினமணி இதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து மாணவர்களே தேடி எடுக்கலாம்.

நம் வயதுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுப் பரணில் கல்லூரி அணியின் குரூப் போட்டோ இருந்தால் இறக்குங்கள். நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் என்று இடமிருந்து வலமாக, ஞாபகம் உள்ள பெயர்களைப் பின்பக்கம் எழுதுங்கள். வருஷத்தையும் எந்த மேட்ச் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.