கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டுமா?

சீனச் சரக்கு மலிவாக வந்து இறங்குகிறது, போட்டியைத் தாங்க முடியவில்லை, ஆட்குறைப்பைத் தவிர வழியில்லை. ரசாயன ஆலை நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், முதலில் வெளியே அனுப்பப்படுபவர் யார் என்பதே நம் கேள்வி.

ஆட்குறைப்பின்போது கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்குவது தொழிற்சட்டத்தின் பொது விதி. பார்வைக்கு நியாயமானதுதான். ஆனால், தலைமுறைகளாக ஆலைக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் கடைசியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதிலும் பலர் ஒப்பந்தக்காரரின் கீழ், மூட்டை தூக்கவும் தொட்டி கழுவவும் வந்தவர்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நடைமுறையில் கிடைப்பது, 'நாளை முதல் வர வேண்டாம்' என்ற சொல் மட்டுமே.

உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் உருவான மத்திய அரசு நிறுவனம். எக்ஸ்ரே படச்சுருள் தயாரித்தது. 1991-க்குப் பின் இறக்குமதி வரி குறைந்தது, வெளிநாட்டுச் சுருள் குவிந்தது, கடன் அழுத்தியது. நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். ஆலையோடு அதிலிருந்த இடஒதுக்கீட்டுப் பணியிடங்களும் போயின. தனியார் ஆலைகளில் அந்த உரிமையே கிடையாது.

மலிவு இறக்குமதி மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கக் கோரும் நிறுவனங்களின் பாதிப்பை மதிப்பிடும்போது, வேலைவாய்ப்பும் ஊதியமும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. வரி கிடைத்தபின் தொழிலாளரை நீக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் இல்லை. நம் வேலையைக் காட்டி வாங்கும் பாதுகாப்பு முதலாளியோடு நின்றுவிடுகிறது.

ஜவ்வாது மலைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சமவெளியில் முறையான வேலை கிடைக்காதவர்களைத் தரகர்கள் எங்கே கூட்டிப்போவார்கள் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் நம் மலை மக்களும் இருந்தார்கள்.

எனவே, வரிப் பாதுகாப்பு பெறும் ஆலை வேலைக்கும் உறுதி தர வேண்டும். ஆட்குறைப்புப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரும் இழப்பீடும் இடம்பெற வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்குச் சட்டம் தரும் முன்னுரிமை அவர்களுக்கும் வேண்டும். தொழிலாளர் துறை இதை மாவட்டந்தோறும் கண்காணிக்கட்டும். போட்டியின் சுமையைக் கடைசியில் நிற்பவர் தலையிலேயே இறக்கிவைப்பதைத் தொழில் கொள்கை என்று ஏற்க முடியாது.