242 மைல் காரும் 30 லட்சம் மைல் காரும்

2021 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவோட பெபிள் பீச்ல ஒரு ஏலம். 1995-ல செஞ்ச மெக்லாரன் எஃப்1 கார் ஒண்ணு, 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போச்சு. மொத்தமே 106 வண்டிதான் செஞ்சாங்க, அதனால விலையில ஆச்சரியமில்ல. என் கண்ணுல பட்டது மீட்டர். 242 மைல்.

26 வருஷம், 242 மைல். வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒன்பது மைலும் கொஞ்சூண்டும். தாம்பரத்துல கிளம்பினா கிண்டி தாண்டறதுக்குள்ள அந்த வருஷத்துக் கோட்டா காலி. மணிக்கு 240 மைல் வேகம் போகக்கூடிய வண்டிங்க அது!

இந்த மாதிரி வண்டிக்கு அந்த ஊர்ல 'கராஜ் குயீன்'னு பேரு. நம்ம ஊர்ல கொலு பொம்மைன்னு சொல்லலாம்னு நினைச்சேன். ஆனா பொம்மையாவது வருஷத்துக்கு ஒன்பது நாள் வெளிய வந்து நாலு பேர் பாக்கும்படி நிக்குது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கறவங்க எல்லாரையும் திட்டப் போறேன்னு நினைக்காதீங்க. பிரிட்டன்ல பழைய கார்களுக்கு இன்ஷூரன்ஸ் போடற ஒரு நிறுவனம் 2022-ல விட்ட அறிக்கையில, சராசரியா வருஷத்துக்கு 1,200 மைல்னு கணக்கு வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வெயிலடிச்சா கிளம்பி, பக்கத்து ஊர்ல டீ குடிச்சிட்டு வர்ற கூட்டம். அவங்க நல்லா இருக்கட்டும். என் சண்டை ஓட்டாம வச்சிருக்கறதையே பெருமையா சொல்றவங்களோடயும், அந்தப் பெருமைக்குக் காசு கொடுக்கற சந்தையோடயும்தான்.

போன வருஷம் ஆன்சைட்ல இங்கிலாந்து போயிருந்தப்ப கிளையன்ட் பக்கம் ஒரு பெரியவர் பழக்கமானார். தங்கமான மனுஷன். 1972 எம்ஜிபி வச்சிருக்கார், ரெண்டு சீட்டு, மேல் திறப்பு. எவ்வளவு ஓட்டுவீங்கன்னு ஆசையா கேட்டேன். "போன வருஷம் வெறும் 40 மைல்"னு மார்க் ஷீட் காட்டற மாதிரி சொன்னார். மாசத்துக்கு ஒரு தடவை கராஜ்லயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுவாராம். எம்ஜிபி 1962-லேர்ந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி. இன்னிக்கும் உதிரி பாகம் தாராளமா கிடைக்குது. அதுக்குப் போய் இந்தப் பொத்திப் பொத்தி வளர்ப்பு.

அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, அதுதான் பெரிய கொடுமை. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் உண்டாகும். வண்டி ரோட்டுல அரைமணி நேரம் ஓடி எஞ்சின் ஆயில், சைலன்சர் எல்லாம் நல்லா சூடானாத்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளிய போகும். நின்ன இடத்துல பத்து நிமிஷம் உறும விட்டு அணைச்சா, ஈரம் உள்ளயே தங்கிடும். ஆயில்ல கலக்கும், சைலன்சரை உள்ளேர்ந்து அரிக்கும். சும்மா விட்டிருந்தாக்கூட இதைவிடத் தேவலை.

சும்மா விட்டா மட்டும்? பெட்ரோல்ல லேசான பகுதி ஆவியாயிட்டு மிச்சம் பிசினாகி கார்ப்புரேட்டரோட ஜெட்டை அடைக்கும். 2021 செப்டம்பர்லேர்ந்து அங்கே சாதாரண பெட்ரோல்னாலே பத்து சதம் வரைக்கும் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தை வேற இழுக்கும். பிரேக் ஆயிலும் அதே ஜாதி, தண்ணி சேர்ந்து சிலிண்டருக்குள்ள துரு. ஆயில் படாத ரப்பர் சீல் காய்ஞ்சு சுருங்கும். டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகும். மெக்லாரன் எஃப்1-ல பெட்ரோல் பை ஒண்ணு இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், அதுக்கு எஞ்சினையே இறக்கணும். நீங்க 9 மைல் ஓட்டினீங்களா 9,000 மைல் ஓட்டினீங்களான்னு அந்தப் பைக்குத் தெரியாது.

பொட்டி தட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரீஸ்டோர் பண்ணிப் பாக்காத பேக்கப். டேப்பு பத்திரமா இருக்கு, லேபிள் ஒட்டியிருக்கு, எல்லாருக்கும் நிம்மதி. சர்வர் படுத்த அன்னிக்குத்தான் தெரியும் உள்ள என்ன இருக்குன்னு.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம். "இடிச்சா போச்சு, திரும்ப வராது." நியாயமான பயம்தான். மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே உலகத்துலயே ரெண்டுதான். அதுல ஒண்ணு 2022-ல 13.5 கோடி யூரோவுக்குப் போச்சு. அதை மழையில எடுத்துட்டு பால் வாங்கப் போகச் சொல்லல. ஆனா நம்ம மிஸ்டர் பீன், அதான் ரோவன் அட்கின்சன், 1997-ல ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினார். ரெண்டு தடவை இடிச்சார். 2011-ல மரத்துல மோதினதுக்கு இன்ஷூரன்ஸ் செலவு மட்டும் 9 லட்சம் பவுண்டுக்கு மேல. செஞ்சு வாங்கி மறுபடியும் ஓட்டினார். 2015-ல 41,000 மைலோட வித்தப்ப சுமார் 80 லட்சம் பவுண்டு, வாங்கினதைவிடப் பல மடங்கு. ஓட்டாம வச்சிருந்தா இன்னும் கூடக் கிடைச்சிருக்கும்னு சொல்வீங்க. கிடைச்சிருக்கும்தான். அந்த 18 வருஷ ஓட்டத்தை எங்க போய் வாங்கறது?

பிங்க் ஃபிளாய்ட் டிரம்மர் நிக் மேசன் 1977-ல 37,000 பவுண்டுக்கு ஃபெராரி 250 ஜிடிஓ வாங்கினார். மொத்தம் 36-தான் செஞ்ச மாடல், பின்னாடி அதுல ஒண்ணு 5 கோடி டாலருக்கும் மேல போயிருக்கு. அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கல, ரேஸுக்கே கொண்டு போனார்.

எனக்குப் பிடிச்ச ஆள் கோடீஸ்வரரே இல்ல. இர்வ் கார்டன்னு நியூயார்க் பக்கம் ஒரு ஸ்கூல் வாத்தியார். 1966-ல ஒரு சிவப்பு வால்வோ பி1800 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அதுலயே வேலைக்குப் போக வர 125 மைல். 1987-ல பத்து லட்சம் மைல், 2002-ல இருபது லட்சம், 2013 செப்டம்பர்ல அலாஸ்காவுல முப்பது லட்சம். 2018-ல அவர் இறக்கற வரைக்கும் வண்டி ஓடிட்டுதான் இருந்தது. ரகசியம் என்னன்னா ஒரு ரகசியமும் இல்ல. புத்தகத்துல போட்டிருக்கற நேரத்துக்கு ஆயில் மாத்தினார், தினம் ஓட்டினார்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பு ஃபிவா, முப்பது வயசு ஆகியிருக்கணும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு இலக்கணம் வச்சிருக்கு. அந்தக் கணக்குப்படி வாத்தியார் ஃபெயில். தினமும் ஓட்டாதேன்னு சொன்னா ஓட்டவே ஓட்டாதேன்னு சில பேர் படிச்சுக்கறாங்க, அதுதான் பிரச்சினை.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஏல கேட்லாக்ல மொத்த மைல் போடற இடத்துக்குப் பக்கத்துலயே, கடைசி அஞ்சு வருஷத்துல வருஷா வருஷம் எத்தனை மைல் ஓடிச்சுன்னு தனித்தனியா போடுங்க. அதுல பூஜ்யம் இருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க.

டிஸ்கி: நம்ம கிட்ட இருக்கறது அப்பா கொடுத்த டிவிஎஸ் விக்டர். தினம் 22 கிலோமீட்டர். வாங்கறேன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல :-)