பழைய கேமராவும் ஒன்றரை வோல்ட் வாதமும்

பழைய ஃபிலிம் கேமரா வாங்கியவருக்குத் தவறாமல் ஓர் ஆறுதல் கிடைக்கும்: "பாதரச செல் இல்லாவிட்டால் என்ன? அதே சைஸில் அல்கலைன் 625 இருக்கிறதே, போட்டுக்கொள்ளுங்கள்." ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி-101, கேனனெட் க்யூஎல்17 எல்லாம் பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச செல்லை நம்பிச் செய்யப்பட்டவை. 1996இல் அமெரிக்கா சட்டம் போட்டு அதை நிறுத்தியது. பாதரசம் போனது நல்லதே. என் புகார் அந்த ஆறுதலின் மேல்தான்.

அல்கலைன் செல் 1.5 வோல்ட். "0.15 வோல்ட்தானே கூடுதல்?" என்கிறார்கள். இந்த லைட் மீட்டர்கள் பலவற்றில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டே கிடையாது. வெளிச்சம் பட்டால் மீட்டரில் உள்ள காட்மியம் சல்ஃபைடின் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், ஊசி நகரும். அவ்வளவுதான். வோல்டேஜ் மாறாமல் பார்த்துக்கொண்டது பாதரச செல்; தீர்ந்துபோகும் வரை அது 1.35இலேயே நிற்கும். அந்த இடத்தில் 1.5 வந்தால், இல்லாத வெளிச்சத்தை ஊசி காட்டும். அதை நம்பி அப்பர்ச்சரைக் குறைப்போம், படம் இருண்டுவிடும்.

அடுத்த வாதம், "ஏஎஸ்ஏ டயலை ஒரு படி தள்ளிவைத்தால் சரி." அல்கலைன் ஓரிடத்தில் நின்றால் அல்லவா தள்ளிவைப்பதற்கு? புதிதில் 1.5, பிறகு 1.4, 1.3, 1.2 என்று இறங்கிக்கொண்டே போகும். இன்று திருத்திய டயல் சில ரோல் கழித்து எதிர்த்திசையில் தவறும். சில்வர் ஆக்சைடு செல் அப்படி இறங்காது, உண்மை. ஆனால் அது நிற்பது 1.55இல். பிழையும் எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் இருக்காது. வெயிலுக்குத் திருத்தினால் வீட்டுக்குள் ஒத்துவராது.

"நெகட்டிவ் ஃபிலிம் எதையும் தாங்கும்" என்பதுதான் இருப்பதிலேயே சோம்பேறித்தனமான பதில். அது தாங்குவது அதிக வெளிச்சத்தை. குறைந்த வெளிச்சத்தில் நிழற்பகுதி பதிவே ஆகாது, லேபில் என்ன செய்தாலும் மீளாது. புது 1.5 வோல்ட் செல் நம்மைத் தள்ளுவது சரியாக அந்தப் பக்கம்தான்.

விலக்கு உண்டு. பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக்கின் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட்; வோல்டேஜ் சற்றுக் கூடினாலும் அளவு மாறாது. 5.6 வோல்ட் யாஷிகா எலக்ட்ரோ 35, 6 வோல்ட்டிலும் ஒழுங்காக ஓடும். இந்த இரண்டையும் காட்டித்தான் மற்ற எல்லா கேமராவுக்கும் சர்டிஃபிகேட் கொடுக்கிறார்கள்.

நான் போடுவது காது மெஷின் பேட்டரி 675. நீல ஸ்டிக்கரைப் பிய்த்துச் சில நிமிடம் காற்றுப்பட விட்டால், 1.4ஐ ஒட்டி நின்று கடைசிவரை அசையாது. விட்டம் 11.6 மில்லிமீட்டர்தான், பழைய செல்லோ 16ஐ நெருங்கும். சுற்றி ஒரு ரப்பர் வாஷர் போட்டால் ஆடாது, உயரம் போதாவிட்டால் அடியில் மடித்த அலுமினியத் தாள். நேர்முனைத் தொடர்பு பக்கச்சுவரில் இருக்கும் கேமராவுக்கு மட்டும் உலோக வளையம் வேண்டும். ஸ்டிக்கர் போனபின் சில மாதங்களில் செல் தானாகவே செத்துவிடும், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அது பிடிக்காதவர்கள், உள்ளே டயோடு வைத்து 1.55ஐ 1.35 ஆக இறக்கும் அடாப்டரை வாங்கி, அதில் சில்வர் ஆக்சைடு 386ஐப் போடலாம். விலை கூடுதல், ஆனால் ஒருமுறைச் செலவு.

"பேட்டரி போனால் கேமராவே போச்சு" என்பவர்களுக்கு: ஓஎம்-1, எஸ்ஆர்டி-101 இரண்டிலும் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். செல்லே இல்லாமல் எல்லா வேகத்திலும் அடிக்கும்.