மின்சார வண்டி மானியம்: எந்த விலைக்கு வரம்பு?

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடும் இருக்கின்றன. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்கிறான் மகன். ஒரு கடையில் மானியம் உண்டு என்கிறார்கள். அடுத்த கடையில், இந்த வண்டி விலை வரம்பைத் தாண்டிவிட்டது, இதற்குக் கிடையாது என்கிறார்கள். வரியில் கழிவு உண்டு என்றும் பேப்பரில் படித்தோம். விலை கூடினால் மானியம் ஏன் நிற்கிறது? எங்களைப் போன்றவர்களுக்கு எதுதான் வரும்?
– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகி

பதில்: உச்சவரம்பு என்ற சொல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. பவர் டில்லர் வாங்கப் போனால், விலையில் 50 சதவீதம் அல்லது இத்தனை ரூபாய், இதில் எது குறைவோ அது என்று காகிதத்தில் எழுதியிருக்கும். விலை கூடின டில்லரை எடுத்தால் கூடுதல் தொகை கைக்காசிலிருந்து போகும், அவ்வளவுதான். மானியம் போய்விடாது. அது மானியத் தொகைக்கு வைத்த வரம்பு.

மின்சார வண்டியில் அதுவும் உண்டு. அதோடு இன்னொன்றும் உண்டு. வண்டியின் விலைக்கே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே இருந்தால் மானியம் உண்டு. நூறு ரூபாய் தாண்டினாலும் மொத்தமாக இல்லை. இதுவும் ஊருக்குத் தெரிந்த சங்கதிதான். ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர் சிறு விவசாயி சான்று வாங்கி நூறு சதவீத மானியத்தில் சொட்டுநீர் போட்டுக்கொள்கிறார். ஐந்து ஏக்கர் பத்து சென்ட் வைத்திருப்பவருக்கு 75 சதவீதம்தான். அந்தப் பத்து சென்ட்டில் அப்படி என்ன விளைந்துவிடும் என்று அவர் கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள்.

வண்டிக்கு அந்தக் கோட்டைப் போட்டதில் நியாயம் இருக்கிறது. மின்சார வண்டியைப் பரவலாக்க 2019 ஏப்ரலில் மத்திய அரசு ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. பணக்காரர் வாங்கும் விலை உயர்ந்த வண்டிக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்பதற்காக, இருசக்கர வண்டியின் எக்ஸ்-ஃபேக்டரி விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். எக்ஸ்-ஃபேக்டரி விலை என்பது தொழிற்சாலை வாசலில் வண்டிக்குள்ள விலை. கடைக்காரர் சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி., அவருடைய லாபம் எல்லாம் சேர்ந்திருக்கும். இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் அதற்கு மேல். ஆகவே ஷோரூமில் 1,60,000 ரூபாய் என்று பலகையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இதற்கு மானியம் இருக்காது என்று தாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு கடைக்காரர்களும் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இந்தக் குழப்பமும் காரணமாக இருக்கலாம்.

ஒரு கோடு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு 2021 ஜூன் முதல் 2023 மே வரை நடந்ததைப் பார்க்க வேண்டும். அப்போது பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் மணி என்பது வேறொன்றுமில்லை, மின் கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்தான். மொத்த மானியம் வண்டி விலையில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாலு யூனிட் பேட்டரி போட்ட இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் எக்ஸ்-ஃபேக்டரி விலை 1,49,000. அதற்கு 59,600 ரூபாய் மானியம், மீதி 89,400. இன்னொன்று 1,51,000. அதற்கு மானியம் பூஜ்யம். தொழிற்சாலையில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசமுள்ள இரண்டு வண்டிகளுக்கு நடுவே, வாங்குகிறவர் கையில் 61,600 ரூபாய் வித்தியாசம் விழுந்தது.

இவ்வளவு பெரிய பள்ளம் வெட்டி வைத்தால் எந்தக் கம்பெனிதான் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தும்? விலையை உள்ளே கொண்டுவர வழி தேடினார்கள். பேட்டரியைச் சின்னதாக்குவது ஒரு வழி, நல்ல வழியும்கூட. நடந்தது வேறு. சார்ஜரை வண்டியோடு சேர்க்காமல் தனி பில் போட்டார்கள். சில கம்பெனிகள் சாஃப்ட்வேருக்கும் தனியாகக் காசு வாங்கின. காகிதத்தில் வண்டி ஒன்றரை லட்சத்துக்குள் நின்றது. சார்ஜர் இல்லாத மின்சார வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நுகத்தடியைத் தனியாக விற்று ஏரை மட்டும் மலிவு விலை என்பது போலத்தான்.

மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் இதைக் கேள்வி கேட்டது. 2023 மே மாதத்தில் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோவின் விடா ஆகியவை வாடிக்கையாளர்களிடம் தனியாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. இவற்றில் மூன்றின் தொழிற்சாலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும்தான் இருக்கின்றன. தொகை சின்னதல்ல, ஒரு கம்பெனிக்கு மட்டுமே நூறு கோடியைத் தாண்டியது. வரம்பை வைத்தது வாங்குகிறவருக்காக; வரம்பைச் சமாளிக்கிற செலவை முதலில் சுமந்ததும் வாங்கியவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மானியமே சுருங்கிவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் எக்ஸ்-ஃபேக்டரி விலையில் மூன்று யூனிட் பேட்டரி வண்டி ஒன்றை வைத்துக் கணக்குப் பார்த்தால் தெரியும். 2023 மே வரை அதற்கு 40,000 ரூபாய் கிடைத்தது. ஜூன் 1 முதல் யூனிட்டுக்கு 10,000, ஆனால் விலையில் 15 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றார்கள், 15,000 ஆயிற்று. 2024 ஏப்ரலில் வந்த இடைக்காலத் திட்டத்திலும், அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் முதல் கட்டத்திலும் 10,000. 2025 ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 2,500, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 5,000. நாற்பதாயிரம் ஐயாயிரமாகத் தேய்ந்தது. 2023 மே மாதம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்சார இருசக்கர வண்டிகள் பதிவாயின. மானியம் குறைந்த ஜூனில் அதில் பாதிகூட இல்லை.

ஒன்றரை லட்சம் என்ற கோடு பி.எம். இ-டிரைவிலும் அப்படியே தொடர்ந்தது. ஆனால் மானியமே ஐயாயிரம் என்றான பிறகு கோட்டைத் தாண்டினால் போவதும் ஐயாயிரம்தான். இந்த நிலையில் ஐயாயிரத்துக்காக வரம்புக்குள் இருக்கிற, தேவைக்குப் பற்றாத வண்டியை எடுப்பது புத்திசாலித்தனமல்ல. பால் கேனை வைத்துக்கொண்டு மேடு ஏற வேண்டிய ஊரில் பேட்டரியின் அளவும், பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதும், பக்கத்து ஊரில் சர்வீஸ் உண்டா என்பதுமே பெரிய கேள்விகள். இதற்கு மேல் கெடு வேறு. 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2028 மார்ச் வரை நீட்டித்தபோதும், இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கான மானியத்துக்கு 2026 மார்ச் 31 என்ற கெடுவே அறிவிக்கப்பட்டது.

வரி விஷயம் தனி. அதில் மூன்று வகை இருக்கின்றன.

மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். இதற்கு விலை வரம்பு கிடையாது. எல்லாருக்கும் கடையிலேயே கிடைத்துவிடுகிறது. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்ததால், இரண்டுக்கும் இருந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

அடுத்தது சாலை வரி. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2023 முதல் 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு. விலை வரம்பே வைக்கவில்லை. ஸ்கூட்டருக்கும் உண்டு, கோடி ரூபாய்க் காருக்கும் உண்டு. கர்நாடகம் 2016 முதல் விலக்கு தந்துவிட்டு, 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத வாழ்நாள் வரி போட்டது. கேரளம் 2025 ஏப்ரலில் படிப்படியாக வைத்தது: 15 லட்சம் வரை 5, அதற்கு மேல் 8, 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம். கர்நாடகத்தில் கோட்டைத் தாண்டியதும் இரண்டரை லட்சம் ரூபாய் வரி விழும். கேரளத்தில் முதல் படியைத் தாண்டினால் கூடுவது ஏறக்குறைய 45,000. பள்ளத்துக்குப் பதில் படிக்கட்டு. இரண்டில் கேரளத்து வழி மேல். ஸ்கூட்டர் வாங்குகிற குடும்பத்தை இந்தக் கோடுகள் தொடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, வாசகி பேப்பரில் படித்த வரிக் கழிவு. அமெரிக்காவில் இது பேர்போனது. கொலராடோ மாநிலத்தில் 80,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு மாநில வரிக் கழிவு இல்லை. 35,000 டாலருக்குக் கீழே இருந்தால் 2024 முதல் கூடுதலாக 2,500 டாலர் என்றும் வைத்தார்கள். அங்கே கணக்கில் வருவது கம்பெனி குறித்த விலை. கடையில் பேரம் பேசிக் குறைத்தாலும் கோட்டுக்குள் வர முடியாது. அமெரிக்க மத்திய அரசின் 7,500 டாலர் கழிவுக்கும் இப்படி வரம்பு இருந்தது: சாதாரணக் காருக்கு 55,000, பெரிய வண்டிக்கு 80,000. டெஸ்லாவின் ஒய் மாடல் காரின் ஒரு ரகத்தை முதலில் சாதாரணக் கார் கணக்கில் வைத்தார்கள். 2023 ஜனவரியில் கம்பெனி அதன் விலையை 65,990 டாலரிலிருந்து 52,990-க்கு இறக்கியது. பிப்ரவரியில் அரசு அதைப் பெரிய வண்டிக் கணக்குக்கு மாற்றியதும் விலை கொஞ்சம் ஏறியது. போட்டியும் காரணம்தான், ஆனாலும் விலை எந்தக் கோட்டுக்குக் கீழே போய் நின்றது என்பதைப் பார்த்தால் புரிந்துவிடும். அந்தக் கழிவு 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது.

இந்தியாவிலும் வருமான வரியில் 80இஇபி என்ற பிரிவு இருந்தது. மின்சார வண்டிக் கடனுக்குக் கட்டிய வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கழிக்கலாம். வண்டி விலைக்கு வரம்பில்லை. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்குத்தான் அது பொருந்தும், ஆகவே புதிதாக வாங்குகிறவருக்கு இல்லை. இருந்தபோதும் நாலு ஏக்கர் குடும்பத்துக்கு அதனால் காலணா பிரயோசனம் இருந்திருக்காது. விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது. பால் வருமானம் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது என்றாலும், இரண்டு மாட்டுப் பாலில் வரி கட்டுகிற அளவுக்கு எங்கே வரப்போகிறது? கட்டாத வரியில் கழிவு வாங்க முடியாது. வரிக் கழிவு சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் போய்ச் சேரும். விவசாயிக்குச் சேருவது கடையில் பில் போடும்போதே குறைகிற பணம்தான். வரம்பு எத்தனை லட்சம் என்று பேசுகிறவர்கள், சலுகை எந்த வாசல் வழியாக வருகிறது என்பதையும் பேச வேண்டும்.

இனி ஒட்டன்சத்திரம் குடும்பம் செய்ய வேண்டியது. மானியம் உண்டு என்று சொல்லும் கடையில், பி.எம். இ-டிரைவ் இ-வவுச்சர் வருமா என்று நேராகக் கேட்க வேண்டும். அந்தத் திட்டத்தில் வாங்குகிறவரின் ஆதாரைச் சரிபார்த்து, அவர் கைபேசிக்கு வவுச்சர் அனுப்புவார்கள். அதில் வாங்குகிறவரும் கடைக்காரரும் கையெழுத்திட வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிதான். ஆகவே மகன் பெயரிலா, தாய் பெயரிலா என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது. வவுச்சர் இல்லையென்றால் அது கடைக்காரரின் தள்ளுபடி. தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அரசு மானியம் என்று நம்பி அதற்காக அவசரப்பட வேண்டாம்.

பில்லில் வண்டி விலை, மானியம், சார்ஜர் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சார்ஜர் தனி என்றால் தனி ரசீது வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொல்லி விற்கும் 25 கிலோமீட்டர் வேக வண்டிக்கு இந்த மானியம் எதுவும் பொருந்தாது. அதற்கும் மானியம் கழித்துத்தான் விலை சொல்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடலாம். சாலை வரி விலக்கு பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ள அரசாணைப்படிதான் கிடைக்கும். பதிவுச் செலவு என்று கடைக்காரர் எழுதும் தொகையில் சாலை வரி சேர்ந்திருக்கிறதா என்பதை, பணம் கட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.